தட்டில் மூடி வைத்திருக்கும் போர்ட்

ஹுஸ்னியாட வாப்பா,

சோறு பானையில், மீனாணம் சட்டியில். தட்டில் மூடி வைத்திருப்பதற்குள் கையை விட்டுவிடாதீங்கோ. அது உங்கள் போர்ட்.

காரின் ஏசியைக் கையால் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைக் கழற்றிவிட்டு, போனால் இயக்கும் அந்த சிம் போர்ட்டைப் பூட்டிய அன்று, "வீட்டில இருந்தே காரைக் குளிராக்கலாம்" என்று பெருமையடித்தீர்கள். நேற்றுச் சண்டைக்குப் பிறகு நான் பிள்ளையோடு முள்ளிக்குளத்துக்கு, என் உம்மா வீட்டுக்குப் புறப்பட்டதும், வீட்டில் இருந்தே ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டீர்கள். உச்சி வெயில். பின் கண்ணாடி இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை சீட்டெல்லாம் சத்தி எடுத்து மயங்கிச் சரிந்தாள். உங்களுக்குப் போன் எடுத்தேன். சிரித்தீர்கள்: "திரும்பி வா, நிப்பாட்டுறன்."

காரை ஓரங்கட்டி, வீல் ஸ்பானரால் அந்த போர்ட்டை அடித்தேன். முதல் அடியிலேயே காற்று நின்றுவிட்டது. மற்ற அடியெல்லாம் உங்கள் முகத்தை நினைத்து அடித்தது.

இன்று உடுப்பெடுக்கத்தான் வந்தேன். கார்ச் சாவி ஆணியில் தொங்குகிறது. நான் பஸ்ஸில் போகிறேன். கூப்பிட வராதீங்கோ, ஸ்பானர் என் பையில் இருக்கிறது.

அஸீபா

இதையும் வாசியுங்கோ: இரவு உம்மா வீட்டில் ஃபேன் போட்டதும் பிள்ளை திடுக்கிட்டு எழும்பிக் கத்தினாள். "உம்மா, இதையும் வாப்பாதான் போட்டவரோ?"