மாப்பிள்ளைச் சேவல் கூவியதன் காரணம்

ஜூன் 4

அடேய் வாலு,

நீ போய் ஒரு மாதம் ஆயிற்று. செத்துப்போன தம்பிக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா, மூளை கலங்கிவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம், உனக்கென்ன என்றேன். வெளியூரில் படித்தபோது மட்டும் எனக்கு எப்போது பதில் போட்டாய்?

இன்று உன் கல்லூரிப் பெரிய டாக்டர் வந்தார். கொல்லையில் நீ ஆராய்ச்சி செய்யக் கல்லூரி போட்டுக்கொடுத்த கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். உன் இரண்டு சேவல்களையும் பார்த்தார். நீ சாமியார் என்று பேர் வைத்தது வழக்கம்போலக் கொண்டை வெளுத்து, சத்தமில்லாமல் மூலையில் கிடந்தது. மாப்பிள்ளை அவர் செருப்பைக் கொத்த வந்தது.

"இதுக்கும் காயடிச்சதா உங்க தம்பி எழுதியிருக்கான்."

"ரெண்டுக்கும்தான் அடிச்சான். இதுக்கு மட்டும், எடுத்த விதையில ஒண்ணைத் திரும்ப வயித்துக்குள்ள, குடல் மேல ஒட்டவச்சான்."

"நரம்பெல்லாம் அறுந்தப்புறம் அது எப்படிம்மா வேலை செய்யும்? அவசரத்துல பழைய இடத்துலயே மிச்சம் விட்டிருப்பான். அதான் கூவுது."

நீ சொன்னதையே சொன்னேன். நரம்பு வேண்டாம், விதையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து போகிறது, கொண்டையைச் சிவக்கவைப்பதும் கூவவைப்பதும் அதுதான் என்று. சிரித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இறக்கிவைக்கப் போகவில்லை. அவர் வாசல் தாண்டட்டும் என்று நின்றேன்.

உன் அக்கா

ஜூன் 11

வாலு,

சேவல்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரை தப்பு என்று அடுத்த வாரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் பேசப்போகிறாராம். கல்லூரி இதழில் போடாமல் அதை எடுத்தும்விடுவார்களாம். கல்லூரிக் காவலாளி சொன்னான். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

"மிச்சம் இருக்கா இல்லையான்னு அறுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடும்ல?"

"தெரியும்."

"அப்ப எல்லார் முன்னாலயும் அறுங்க. மிச்சம் இருந்தா கொட்டகையை நானே இடிச்சுடறேன்."

"இருந்துட்டா உங்களுக்குத்தானேம்மா அவமானம்."

"கத்தி பட்ட விரல் சீழ் வச்சு என் தம்பி செத்தான். அதுக்கு மேல எனக்கு என்ன வரணும்?"

வாய் பேசிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறேன். நீ சட்டைப் பொத்தானையே மாற்றிப் போடுகிற அவசரக்குடுக்கை. நிஜமாகவே மிச்சம் விட்டிருந்தால்? விட்டிருந்தாலும் போவேன். நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றிப் பேச அவர்களை விடமாட்டேன்.

அக்கா

ஜூன் 19

வாலு,

அறுத்தாயிற்று.

மாப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானே போனேன். தெரு முழுக்கக் கூவி என் மானத்தை வாங்கியது. கூட்டத்தில் என்னைத் தவிர எல்லோரும் கோட்டு. அதன் தலையில் துணி போட்டு, மருந்து காட்டித் தூங்கவைத்து, பெரிய டாக்டரே அறுத்தார்.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும், விதை இருந்த பழைய இடம், துடைத்து வைத்த மாதிரி சுத்தம். குடல் மேல் நீ வைத்தது மட்டும் வெள்ளையாக, கொழுகொழுவென்று, தன்னைச் சுற்றி ரத்தக்குழாயைப் படரவிட்டுக்கொண்டு இருந்தது. நரம்பு ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஒரு சேவல் போதாதேம்மா," என்றார் கடைசியில்.

"போதாதுதான். கொட்டகையை நான் காலி பண்ணல. குஞ்சு வாங்கி வளர்க்கறேன், அறுக்கத் தெரிஞ்சவங்களை நீங்க அனுப்புங்க."

கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு, "அனுப்பறேன்," என்றார். உன் கட்டுரையை எடுக்கவில்லை.

வெளியே வரும்போது தாடிக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்தார். "இவ்வளவு நாள் சேவல் உங்க தம்பி கிட்டதானே இருந்துச்சு? அவரே அறுத்துக் காட்டியிருந்தா இந்தச் சண்டையே இல்லையே?"

"அவனுக்கு நேரமில்ல," என்று வெட்டிவிட்டேன்.

பொய். போன மழைக்காலம் முழுக்க உனக்கு நேரம் இருந்தது. கத்தியைத் தீட்டித் தீட்டி உறையில் போட்டாய். கொட்டகையில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்குக் கையாலேயே தீனி கொடுத்தாய்.

ஊருக்கு நான் எதையும் சொல்லிக்கொள்வேன். எனக்கு மட்டும் சொல். உள்ளே என்ன இருக்குமோ என்று பயந்தாயா, இல்லை, அதை அறுக்க உனக்கு மனசு வரவில்லையா?