கேசட்டில் என் பெயர்

செவ்வாய், ஆகஸ்ட் 10.

டோல்கேட் கடையில் புதுக் கானா கேசட் வந்திருந்தது. "உன் பேரு வருது மாமு, கேளு" என்று கடைக்காரர் போட்டார்.

என்னோடு வேலை பார்த்த குமாரின் சாவில் பாடிய பாட்டு. அன்று பாடகர், "செத்தவனப் பத்தி எதுனா சொல்லு நைனா, பாட்டுல சேத்துக்கிறேன்" என்றார். கம்பெனி சொன்னதுபோல் அவன் குடித்துவிட்டு விழவில்லை, மாஸ்க் இல்லாமல் டேங்கில் இறக்கினார்கள் என்று அழுகையில் சொல்லிவிட்டேன். அதைப் பாடி, சொன்னது தோஸ்து சேகர் என்றும் மரியாதையாகச் சேர்த்திருக்கிறார்.

"உங்க கம்பெனி டேங்கர் டிரைவருங்க இந்த கேசட்ட அள்ளிக்கினு போய்ட்டாங்கோ" என்றார் கடைக்காரர்.

நானும் ஒன்று வாங்கிவந்து வீட்டில் அரிசி டப்பாவில் ஒளித்தேன். என்ன பயன்? நாளைக் காலை கம்பெனி கேட்டில் அந்த லாரிகள்தான் வரிசையாக நிற்கும், பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு.