வெல்லமும் எள்ளும்

பழவேற்காடு
11-2-1978

அன்புத் தம்பி முனிகிருஷ்ணனுக்கு அக்கா அங்காளம்மாள் எழுதுவது. நானும் பாப்பாவும் ஏதோ இருக்கிறோம். கும்மிடிப்பூண்டியில் உனக்கு ஷிப்டு மாறிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடு.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போய்வந்தேன். உங்க மாமா கார்த்திகைப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று மாதம் ஆகப்போகிறது. நாற்பது நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று அமாவாசை வருகிறேன், அவரைத் திருப்பிக் கொடு என்று வீரராகவரை வேண்டிக் குளத்தில் வெல்லம் கரைத்தேன். நிமிர்ந்தால் நாலு படி மேலே என் மாமியார். மகன் பேருக்குத் தர்ப்பணம் கொடுக்க, பங்காளி ஒருத்தனைக் கூட வைத்துக்கொண்டு, எள்ளோடு ஐயர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் உயிர் கேட்கிற குளத்தில் அவளுக்கு எள். பிடுங்கி எறிந்தேன். அத்தனை ஜனத்துக்கு நடுவில் தாலியைத் தூக்கிக் காட்டி, "அவரு உசுரோடதான் கீறாரு. நீ இன்னாத்துக்கு எள்ளு எடுத்துக்கினு வந்தே?" என்று கேட்டேன். அத்தை எழுந்து படியேறிப் போய்விட்டாள். ஊருக்கு வந்ததும் என் துணிமூட்டையை வாசலில் வைத்துவிட்டாள். இப்போது பக்கத்து வீட்டு ரோசம்மாளோடு இருக்கிறேன்.

அவர் வருவார் என்று நான் சொல்லும்போது வேண்டாம் என்று தடுக்காதவன் நீ ஒருத்தன்தான்.

உன் அக்கா
அங்காளம்மாள்

கும்மிடிப்பூண்டி
20-2-1978

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். உன் கடிதம் வந்ததிலிருந்து வேலையில் மனம் போகவில்லை. போர்மேன் பேஜாரு பண்ணுகிறார்.

அக்கா, அத்தையும் பெற்றவங்கதானே. காலில் விழுந்தாவது அந்த வீட்டுக்குப் போய்விடு. இல்லையென்றால் பாப்பாவோடு இங்கே வா, என் ரூம் போதும். பச்சைப் பிள்ளையை அந்தக் கூட்டத்துக்கு இனித் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மாமாவைப் பற்றி நேரில் பேசலாம்.

உன் தம்பி
முனிகிருஷ்ணன்

பழவேற்காடு
19-8-1978

அன்புத் தம்பிக்கு,

நேரில் பேசலாம் என்றாய். இரண்டு தடவை வந்தாய், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேசாமலே போய்விட்டாய். மூன்று அமாவாசை என்று வேண்டினது ஏழு ஆகிவிட்டது.

அத்தை செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள். தைக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எள்ளும் வைக்கவில்லை. கடைசியில் ரோசம்மாளிடம் சொன்னாளாம்: "அவ சொன்ன மாதிரியே எம் புள்ள வந்துட்டான்னா? அந்த பயத்துலதான் எள்ளத் தொடல." என் பேச்சை நம்பிக்கொண்டே போயிருக்கிறாள்.

கரை ஒதுங்கின ஆட்கள் சிலர் ஆந்திராப் பக்கம் கூலி வேலை செய்கிறார்கள் என்று மீன் லாரிக்காரர் சொன்னார். நீ லீவு போட்டுச் சூளூர்ப்பேட்டைப் பக்கம் விசாரி. நீ போகாவிட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே போவேன்.

அக்கா

கும்மிடிப்பூண்டி
24-8-1978

அக்கா,

நீ போக வேண்டாம். மாமா சூளூர்ப்பேட்டைக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கிறார். புதைத்தவன் நான்.

புயல் அடித்துப் பத்தாம் நாள் ஆந்திரா போலீஸ் எங்கள் கம்பெனிக்கு வந்தது. கரை ஒதுங்கிய ஓர் உடம்பில் காக்கிச் சட்டை, அதில் என் நம்பர். செத்தது நான் என்று சொல்ல வந்தவர்கள். மெஷின் முன்னால் நிற்கிற என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஜீப்பில் ஏறின பிறகுதான் தீபாவளிக்கு மாமாவுக்கு என் பழைய சட்டையைக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

முகம் தெரியவில்லை. வலது காலில் திருக்கை மீன் குத்திய தழும்பு இருந்தது. அந்த முள்ளைப் பிடுங்கியவன் நான்தானே. "தெரிஞ்ச மனுசனா நைனா?" என்று ஏட்டு கேட்டார். நீ அப்போது எட்டு மாதம். முன்னே இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனது. இதுவும் போனால் நீயும் போய்விடுவாய் என்று பட்டது. "தெரியாதுங்க, சட்டை திருட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். யாரோ என்று எழுதிக்கொண்டார்கள். மண் தள்ள நானும் கை கொடுத்தேன்.

பிள்ளை பிறந்ததும் சொல்ல இருந்தேன். வெல்லம் கரைத்தேன் என்று உன் கடிதம் வந்தது. அப்புறம் எனக்கு வாய் வரவில்லை. வரச் சொன்னால் வருகிறேன், செருப்பால் அடி.

முனிகிருஷ்ணன்

பழவேற்காடு
4-9-1978

முனிகிருஷ்ணனுக்கு,

பாப்பா இருக்கிறாள். அதனால் உன்னைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் பெற்றவள் ஒரு கைத் தண்ணீர் விட வந்தாள். பிடுங்கியது நான், பிடுங்க விட்டது நீ. இனி அவளிடம் போய் என்ன சொல்ல?

சனிக்கிழமை அமாவாசைக்குத் திருவள்ளூர் போனேன். எள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயர் பேர் கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என் வாயால் சொல்லாத பேர். கலியன் என்றேன். கூட்டத்தில் அவர் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன்.

பொம்பளை செய்யக்கூடாதாம், ஆண் துணை வேண்டுமாம். "கூடப் பொறந்தவா யாராவது இருக்காளாம்மா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

கோபத்தில் வந்த சொல் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். செவ்வாப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், தன் அப்பாவுக்குக் கொடுத்து முடித்து எழுந்தவர், எனக்காகத் திரும்ப உட்கார்ந்து தண்ணீர் விட்டார். பேரைக் கூட நான் கேட்கவில்லை.

பாப்பாவைப் பார்க்க வராதே. பதில் எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

அங்காளம்மாள்