சட்டைப் பையில் கிடந்த மாத்திரை அட்டை

ஏங்க,

குக்கரில் தயிர் சாதம் இருக்கிறது. ஊறுகாயைத் தேடாதீர்கள், ஒளித்து வைத்துவிட்டேன்.

உங்கள் யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தேன். பையில் ஏழு மாத்திரை அட்டைத் துண்டுகள், எல்லாம் காலி. கடையில் கத்தரித்துக் கொடுத்ததால், மூன்று துண்டைச் சேர்த்து வைத்த பிறகுதான் பெயரே தெரிந்தது. மெடிக்கல் ஷாப் சரளா அக்காவிடம் காட்டினேன்.

"வலி மாத்திரைம்மா இது. வெறும் வயித்துல தெனம் போட்டா வயிறு புண்ணாயிடும், சோறே எறங்காது. எத்தினி நாளா போட்டுகினு கீறாரு?"

பெண்டாட்டிக்கே தெரியவில்லை!

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது டீயோடு போட்டிருக்கிறீர்கள், அப்படித்தானே? டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்ததும், என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை நான். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதானே எழுந்திருக்கிறீர்கள், வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர். டோக்கன் போட்டாச்சு. வண்டலூரில் வேலை முடிந்ததும் நேரே அங்கே வந்துவிடுவேன். இப்போதே பார்த்தால் சரியாகிவிடும் என்றார் அக்கா. அதற்குள் வெளிக்குக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எனக்கு போன் செய்யுங்கள்.

ஷீலா

பி.கு: ஃபிரிட்ஜ் மேல் நீங்கள் ஒளித்து வைத்திருந்த மீதி மாத்திரை என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று: நாளை காலை இட்லி, காரம் இல்லாமல். பஸ்ஸுக்கு முன்பே சாப்பிட வேண்டும். நானும் கூட உட்காருகிறேன். பத்து நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை, மாத்திரை போடாமலே.