முதல் மிதி

சேசு மரி சூசை துணை

அதியமான்கோட்டை
12-3-1974

சேலத்தில் இருக்கும் கொழுந்தனார் செபாஸ்டினுக்கு அண்ணி வேளாங்கண்ணி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். சுகம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. அங்கே நீங்களும் இசபெல்லாவும் குழந்தையும் நல்லா இருக்க மாதாவை வேண்டிக்கிறேன்.

விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். சனிக்கிழமை உங்க அண்ணனோட முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் இசபெல்லாவையும் குழந்தையையும் புளி மூட்டையையும் ஜீப்பில ஏத்திக்கிட்டு, தொப்பூர் கணவாய் இறங்கிப் போறதாச் சொன்னீங்க. வண்டியை எடுக்காதீங்க தம்பி. பிரேக் சரியில்லை. கெடுத்தது நான்தான்.

இதை வேற ஆளை வெச்சு எழுதச் சொல்ல முடியல. எழுத்துக் கூட்டி நானே எழுதறேன். கோணலா இருந்தாலும் முழுசாப் படிங்க.

ஞாயித்துக்கிழமை நீங்க வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, புதுசா மாட்டின பிரேக்கில காத்து எடுத்தீங்க. வேற ஆள் இல்லைன்னு என்னை மேல உக்காந்து மிதிக்கச் சொன்னீங்க. மிதிச்ச காலை, நீங்க சக்கரத்துத் திருகை மூடி "விடுங்க"ன்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது, எடுத்தா வெளிய போற காத்து திரும்பி உள்ள ஏறிக்கும்னு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. மத்த சக்கரத்துக்கெல்லாம் நான் தப்புப் பண்ணல.

கடைசிச் சக்கரத்தும்போது ராணியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாஞ்சாலிகிட்ட, "தாலி கழட்டி மாசம் ஆகல, கொழுந்தன் மிதிங்கறான், இவ குந்திக்கிட்டு மிதிக்கறா பாரு"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. குனிஞ்சு பாத்தா, மிதிச்சு மிதிச்சுப் புடவை கெண்டைக்காலுக்கு மேல ஏறிக் கிடக்குது. உடம்பே கூசிப் போச்சு. காலைத் தூக்கிப் புடவையை இழுத்து விட்டுட்டு மறுபடி மிதிச்சிக்கிட்டேன். அந்நேரம் பாத்து நீங்க, "பிடிச்சிருக்கீங்களா அண்ணி?"ன்னு கேட்டீங்க. "உம்"னேன்.

அப்புறம் நீங்க ஏறி ரெண்டு மூணு தரம் மிதிச்சுப் பாத்துட்டு, தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டு வந்து, நல்லாப் பிடிக்குதுன்னு சிரிச்சீங்க. அண்ணன் போன பிறகு நீங்க சிரிச்சது அன்னிக்குத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினீங்க. புடவை ஏறுச்சுன்னு கொழுந்தனார்கிட்ட எந்த வாயால சொல்றது.

நேத்து அக்கம்பக்கத்தில எல்லாம் காட்டுக்குப் போன நேரத்தில நானே ஏறி மிதிச்சுப் பாத்தேன். முதல் மிதி அடி வரைக்கும் போயிடுது, ஏரிச் சேத்தில கால் வெச்ச மாதிரி. திரும்பத் திரும்ப மிதிச்சாத்தான் கெட்டியா மேல வருது. நீங்க அந்தக் கெட்டியை நம்பிட்டுப் போயிட்டீங்க.

அன்னிக்கு அண்ணன்கூட வண்டியில போன மாது பிழைச்சு வந்து சொன்னதை நீங்களும் கூட இருந்து கேட்டீங்க. கணவாயில அண்ணன் பிரேக்கை மிதிச்சிக்கிட்டே இருந்தாரு, பேச்சே இல்ல, மிதிச்சிக்கிட்டே இருந்தாருன்னு. அதைக் கேட்ட பொம்பளை நான். ரெண்டு பேர் சிரிச்சதுக்குக் காலைத் தூக்கினேன். அன்னிக்குப் பட்டதெல்லாம் ஒரு வெக்கமா தம்பி. இப்ப இதை எழுதறப்ப படறேனே, இதுதான் வெக்கம்.

பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. பூசை காலையில ஏழு மணிக்கு. புளியைச் சென்றாயன் லாரியில போட்டு அனுப்பிக்கலாம், கேட்டு வெச்சிருக்கேன்.

இந்தக் காயிதம் நீங்க கிளம்பறதுக்குள்ள வருமோ வராதோ. அதனால வண்டிச் சாவியைப் பங்குச் சாமியார்கிட்டக் குடுத்துட்டேன். நானே வந்து கேட்டாத்தான் தரணும்னு சொல்லியிருக்கேன். ஏம்மான்னு கேட்டாரு. தலையைக் குனிஞ்சிக்கிட்டு வந்துட்டேன். புருசன் வண்டியைக் கொழுந்தனுக்குக் குடுக்க மனசில்லாம இவ ஒளிச்சு வெச்சிட்டான்னு பூசைக்கு வர்ற சனம் பேசும். இசபெல்லாவும் அப்படித்தான் நினைக்கும். நினைச்சிக்கட்டும்.

உங்களுக்குக் கோவம் வந்தா கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் திட்டுங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். திட்டறதுக்கு நீங்க இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு.

மாதா உங்க மூணு பேரையும் பஸ்ஸிலயே கூட்டிட்டு வந்து, பஸ்ஸிலயே வூடு கொண்டு சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்க அண்ணி
வேளாங்கண்ணி