செவலைக்குப் போட்ட ஊசி

மாவனல்லா,
புதன்கிழமை

அன்பு மகள் சுமலதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் வந்து சேராது. அதனால்தான் எழுதி, நானே படம் எடுத்து அனுப்புகிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

உன் தம்பி விமலுக்குக் கோத்தகிரி டீ ஃபேக்டரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, லீவுதான் கிடைப்பதில்லை என்று புலம்புகிறான். அப்பா பவர் ஹவுஸில் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி நாலரைக்கே எழுந்து டீ கேட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறார். பக்கத்து வீட்டு வாசுகி போன வாரம், உங்க மக அங்க என்னதானுங்க்கா வேலை பாக்குது என்று கேட்டாள். பல நாட்டு அதிகாரிகள் காட்டுக்கும் மிருகத்துக்கும் சட்டம் போடுகிறார்கள், அவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்கிற வேலை என்றேன். அவங்க கேப்பாங்களா என்றாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டுமாம் என்று, நீ என்னிடம் சொன்னதையே பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் செவலை போய்விட்டாள். கன்று போட்ட மூன்றாம் நாள் மடி வீங்கி, காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று, டாக்டர் ஊட்டிக்குப் போய்விட்டார். மாடுகளுக்கு ஊசி போடுகிற நம் ஆறுக்குட்டியைக் கூப்பிட்டோம், வந்து ஒரு ஊசி போட்டார். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. திங்கள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது. ஊர் வழக்கப்படி டிராக்டர் வைத்துப் பாறை மேட்டுக்கு இழுத்துப் போட்டோம். செத்த மாட்டைப் புதைக்காதீர்கள், பாறு கழுகுகள் பட்டினி கிடக்கின்றன என்று நீதானே வீடு வீடாக வந்து சொன்னாய். மகள் பேச்சைக் கேட்டோம் என்று எங்களுக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு திருப்தி. நீ சொன்ன மற்ற பாதியை மறந்துவிட்டோம் சுமா. வலிக்குப் போடுகிற அந்த ஒரு ஊசி போட்ட மாடாக இருந்தால் கழுகுக்குப் போடவே கூடாது, தின்றால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும் என்றாயே, அது அன்று மத்தியானம் மாட்டுக் கொட்டகையைக் கூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சாணிக்குள் காலி பாட்டில் கிடந்தது. கழுவி, கண்ணாடி போட்டு, கொட்டகைக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். அதேதான்.

அப்பாவும் நானும் ஆறுக்குட்டியும் மண்வெட்டியோடு ஓடினோம். ஏழு பாறு இறங்கியிருந்தது. அப்பா தகரத்தைத் தட்டத் தட்ட, வயிறு நிறைந்த கனத்தில் எழும்பிப் பறக்க முடியாமல் தத்தித் தத்தி ஓடின. இருட்டுவதற்குள் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். நேற்றும் இன்றும் அப்பா போய்ப் பார்த்தார். ஒன்று மட்டும் மரத்தில் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். ஃபாரஸ்ட்காரர்களிடம் சொல்லிவிட்டோம், பிழைக்குமா என்று தெரியாது.

அடுத்த வாரக் கூட்டத்தில், தடை செய்த அந்த மருந்துக்காகக் கடைகளைச் சோதனை போடுவதை இனி நிறுத்தலாமா என்று என்னைக் கேட்பார்கள், எங்கள் பக்கம் மூன்று வருஷமாக ஒரு பாட்டில்கூட அகப்படவில்லை என்று சொல்லப்போகிறேன் என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அதைச் சொல்லாதே கண்ணு. அது உண்மை இல்லை. கூட்டம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம், அவ ஊட்டுலயே நடந்துச்சுன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா என்று அப்பா நேற்று முழுக்க என்னோடு சண்டை. ஆறுக்குட்டி வாசலில் நின்று, தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்க்கா, புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க என்று கண்ணைத் துடைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீழே ஒரு கடையில் விலை மலிவு என்று கொடுத்திருக்கிறார்கள், மீதி இரண்டு பாட்டிலையும் அவரே கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லாதே, கடையைக் கண்டுபிடிக்கச் சொல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சோதனையை நிறுத்தினால் இன்னும் எத்தனை கொட்டகைக்கு இது வருமோ. யார் சொன்னது என்று கேட்டால், என் அம்மா சுப்பம்மாதான் கேட்காமல் விட்டாள், அவளே சொன்னாள் என்று என் பெயரைப் போட்டே சொல்.

பாட்டில் மூன்றையும் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுப்பது என்று எழுது. கன்று வாசுகி வீட்டுப் பசுவிடம் பால் குடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, கூட்டத்தில் பயப்படாமல் பேசு. தீர்க்காயுசாக, தலை நிமிர்ந்து இரு என் தங்கமே.

இப்படிக்கு
உன் அம்மா
சுப்பம்மா

சுமலதா, படம் எடுப்பதற்கு முன் நானும் வாங்கிப் படித்தேன். அம்மா எழுதியதில் ஒன்று மட்டும் உண்மை இல்லை. ஊசி போடும்போது அம்மா வீட்டிலேயே இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கேட்காமல் விட்டதும் நான். கூட்டத்தில் அம்மா பெயரைச் சொல்லாதே, என் பெயரைச் சொல்.
உன் அப்பா எல்லப்பன்