ஜீனும் ஜின்னும்

டெல்லி கிட்வாய் நகர்வாசிகள் சகலருக்கும் இதனால் அறிவிப்பது: இன்று காலை சுமார் ஒன்பது மணிக்கு என் மேலுதட்டில் பதினோராவது மீசைமுடி உதயமானது. உன்னிடம்தான் முதலில் காட்டியிருப்பேன். மழைக்காலத்து மஞ்சள்காமாலையில் நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. மாடிவீட்டு ஆன்ட்டி கீழே வெயிலில் பேரனுக்குக் கடுகெண்ணெய் தேய்க்கிறார். அந்த வாசனைதான் எழுத வைக்கிறது.

உன் கால்களுக்கும் அதே எண்ணெய்தான். இரண்டும் வில்லாக வளைந்தவை; உனக்கு 'வில்லன்' என்று பெயர் வைத்த மேதை நானே. வெறும் சாதம் போட்டு வளர்த்ததால் எலும்பு இளகிவிட்டது என்று காலனியே உன் அம்மாவைக் குறை சொன்னது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விளக்கினாய். சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியே விட்டுவிடுகிறது. அது இல்லாமல் எலும்பு இறுகாது, பாரம் தாங்காமல் வளையும். பாலும் வெயிலும் அதைச் சரிக்கட்டாது. அம்மா வழியாக வந்த ஒரு ஜீன்தான் காரணம். அம்மாவும் குள்ளம்தான். தங்கை தப்பித்தாள்.

"பூவா தலையா மாதிரிடா. எனக்குப் பூ விழுந்துடுச்சு" என்றாய்.

படிக்கட்டில் மாடிவீட்டு ஆன்ட்டி நம்மை மடக்கி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். "டாக்டர் க்யா போலா?"

"ஜீன், ஆன்ட்டி. மா ஸே ஆயா", அம்மாவிடமிருந்து வந்தது என்றாய்.

"ஜின்?" அவர் கண்கள் விரிந்தன. ஜின் என்றால் இங்கே பேய். நான் திருத்தியிருக்கலாம். "ஹாங் ஆன்ட்டி, பஹுத் புரானா" என்று, ரொம்பப் பழைய பேயாகவே ஆக்கிவிட்டேன். நீயும் சிரித்தாய்.

மறுநாள் புல்வெளியில் உன் அம்மா வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் பாயைச் சுருட்டினார்கள். அதன் பிறகு அவர் வெளியே வரவில்லை. உள்ளேயே ஸ்வெட்டர் பின்னினார்.

"டேய், உன் ஜோக்குக்கு எங்கம்மா ஏன்டா கதவச் சாத்திக்கிட்டு உக்காரணும்?" என்று ஒருநாள் கேட்டாய்.

அன்றே ஆன்ட்டிகளை வரிசையாக உட்காரவைத்து, மரபணுப் பாடம் நடத்தி, மானத்தைக் காப்பாற்றியது நான்தான். உனக்காகப் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அப்படித்தான் பேசினேன். உன் அம்மா முன்வரிசையில் இருந்தார்.

உண்மையில் அன்று ஆன்ட்டிகளிடம் பேசியது நீ. அசைந்து அசைந்து அவர்கள் நடுவே போய், பேண்டைச் சுருட்டிக் காலைக் காட்டி, "ஜின் நஹீன் ஆன்ட்டி, ஹட்டி" என்று எலும்பைத் தட்டிக் காட்டினாய். பிறகு அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தாய். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

"நீ எனக்காகப் பேசினியாமேப்பா" என்று உன் அம்மா இப்போது பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஜின்னைக் கிளப்பியது யார் என்று நீ அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.